பெல்ட் மாட்டியிருந்தும் தரையில் விழுந்தேன்

என் வலது குதிகாலுக்குள் ஒரு தகடும் எட்டுத் திருகுகளும் இருக்கின்றன. மார்கழியில் விடிகாலை எழுந்து முதல் அடி வைக்கும்போது அவை இருப்பது நன்றாகத் தெரியும். விழுந்த கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "பெல்ட் போடலையா?" என்பதுதான். போட்டிருந்தேன். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு பெல்ட் அது. அதன் முதுகிலிருந்து வரும் கயிற்றின் ஹூக்கும் மாட்டியிருந்தேன். தலையில் ஹெல்மெட்டும் இருந்தது. அப்படியும் 16 அடி உயரக் கூரையிலிருந்து விழுந்து தரையில் மோதினேன். கயிறு அறுந்து போகவில்லை, ஹூக் கழலவில்லை, பெல்ட் கிழியவில்லை. எல்லாம் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே தரை வந்துவிட்டது. இப்படியும் நடக்கும் என்று ஒன்பது வருடமாக மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. படுக்கையில் கிடந்தபோது அந்த ஒரு விஷயத்தை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். உங்களில் யாராவது ஷெட் கூரையில் வேலை செய்பவராக இருந்தால், அல்லது வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாப்புலியூர். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு சோலார் வேலைக்கு வந்தவன். ஒரு சோலார் கம்பெனி ஆர்டர் எடுக்கும், அதை ஒரு சப் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும், அவரிடம் நாங்கள் ஐந்து பேர். நாள் கூலி 750 ரூபாய். 2023 மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியின் குடோன் கூரையில் பேனல் பதிக்கும் வேலை. விடியற்காலை நாலரைக்கு பைக்கில் கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் மேலே ஏறிவிடுவோம். பத்து மணிக்கு மேல் தகரத்தில் கை வைக்க முடியாது, முட்டி போட்டால் பேன்ட்டைத் தாண்டிச் சுடும்.

அந்தக் கூரை முகட்டில் 22 அடி, ஓரத்தில் மழைத்தண்ணீர் விழும் பக்கம் 16 அடி. ஓரத்துக்கு இரண்டடி உள்ளே, ஓரத்தோடு ஒட்டினாற்போல நீளவாக்கில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டியிருந்தோம். இரண்டு முனைக்கும் நடுவே 30 அடி. அதுதான் எங்கள் லைஃப்லைன். பர்லின் கம்பியில், அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பியில், முடிச்சுப் போட்டுக் கையால் இழுத்துக் கட்டியது, அவ்வளவுதான். அதில் ஹூக்கை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் நடப்போம். காலையில் சூப்பர்வைசர் வந்து எல்லோரும் பெல்ட் மாட்டியிருப்பதை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில், கையெழுத்து ஆகிவிடும். போட்டோவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. இருவர் பிடித்தால் எடை ஒன்றும் பெரிதில்லை, காற்றுதான் பெரிது. நம் கடற்கரைப் பக்கம் வெயில் காலத்தில் நண்பகல் வாக்கில் கடல்காற்று திரும்பும் என்பது தெரிந்ததுதான். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தியிருக்க வேண்டும். வரிசையில் மூன்று பேனல்தான் பாக்கி, முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார்கள், நானும் சரி என்றேன். நான் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன், கூட்டாளி எதிரே முன்பக்கமாக. பன்னிரண்டரை இருக்கும். காற்று பேனலின் அடியில் புகுந்து தூக்கியது. பாய்மரம் போல அது என்னைப் பின்னால் தள்ளியது. பின்னங்கால் ஓரத்துத் தகரத்தில் பட்டது ஞாபகம் இருக்கிறது, அடுத்த அடிக்குத் தகரம் இல்லை.

விழும்போது ஒன்றும் தோன்றவில்லை. முதுகில் ஒரு பெரிய இழுப்பு, கூடவே துணி கிழிகிற மாதிரி சத்தம். பிடித்துவிட்டது என்று நினைத்த அதே நொடியில் குதிகாலில் இடி இறங்கியது. மார்புப் பட்டை மேலேறித் தாடையைக் கிழித்திருந்தது. நான் தரையில் ஒரு காலை மடக்கிக்கொண்டு, கயிற்றில் அரைகுறையாகச் சாய்ந்தபடி இருந்தேன். கால் வலி உடனே வரவில்லை. ஷூவுக்குள் கால் தளதளவென்று ஏதோ நிரம்புவது போல் இருந்தது. இருவர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி லோடு ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். அவர்கள் பாசத்தில் செய்ததுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவரை அப்படித் தூக்கக் கூடாது. முதுகெலும்பு நொறுங்கியிருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே வாழ்க்கை முடிந்துவிடும். அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குதிகாலில் விழுந்தவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பும் நசுங்கியிருக்க வாய்ப்புண்டு, அதனால் காலை மட்டும் பார்க்காமல் முதுகையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு நல்லவேளையாக முதுகில் ஒன்றும் இல்லை.

இனி நான் செய்த பெரிய தவறு. ஆஸ்பத்திரி வாசலில் சூப்பர்வைசர் என் காதருகே குனிந்து, "தம்பி, வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா. இல்லாட்டி போலீஸ் கேஸாயிடும், வைத்தியம் லேட்டாவும். செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வலியில் எது சொன்னாலும் தலையாட்டுகிற நிலைமை. டாக்டர் கேட்டபோது அப்படியே சொன்னேன். அது விபத்துப் பதிவேட்டில் எழுத்தாகிவிட்டது. பிறகு இழப்பீடு கேட்டுப் போனபோது எனக்கு எதிராக நின்றது அந்த ஒரு வரிதான். யார் என்ன சொன்னாலும், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை செய்யும்போது விழுந்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுயநினைவு இல்லாவிட்டால் கூட வருகிறவர் சொல்ல வேண்டும். இதை வீட்டில் மனைவியிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

குதிகால் எலும்பு நாலைந்து துண்டாகியிருந்தது. வீக்கம் வடிய ஒன்பது நாள் காத்திருந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று உத்தரவு. என் சாமான்களையெல்லாம் கூட்டாளி ஒரு சாக்கில் போட்டு வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான். ஒருநாள் மத்தியானம் தூக்கம் வராமல் அந்த பெல்ட்டை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் தொங்கும் அந்தச் சின்னப் பை, அதாவது ஷாக் அப்சார்பர், வாய் பிளந்திருந்தது. உள்ளே மடித்து மடித்துத் தைத்திருந்த வெள்ளைப் பட்டை பாதிவரை பிரிந்து, தையல் நூல்கள் நுனி நுனியாக நீட்டிக்கொண்டிருந்தன. மீதிப் பாதி புதிதாகவே இருந்தது, ஒரு தையல் கூட விடவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அது கிழிந்து கிழிந்துதான் வேகத்தைக் குறைக்கும். முழுதாகக் கிழிய அதற்கு இடம் கிடைக்கவில்லை. பையின் மேலே ஒரு சின்னப் படமும் அச்சடித்திருந்தது. ஒரு ஆள் தொங்குகிறான், பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு அம்புக்குறி, 6 மீட்டருக்குச் சற்று மேல் ஒரு எண். இத்தனை நாளும் அந்த எச்சரிக்கையை என் முதுகிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். ஹூக்கைக் காலடி மட்டத்தில் மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறு 6 அடி. அப்சார்பர் கிழிந்து நீள்வது அதிகபட்சம் ஒன்றே முக்கால் மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி. இதற்கே 17 அடி ஆகிவிட்டது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே பத்திரத்துக்கு 3 அடி விட வேண்டும். ஆக, ஹூக் மாட்டிய இடத்துக்குக் கீழே 20 அடி காலி இடம் இருந்தால்தான் அந்த பெல்ட் உங்களைக் காப்பாற்றும். தரை என்றால் மண் தரை மட்டுமில்லை. கீழே லாரி நின்றால் லாரி, மூட்டை அடுக்கியிருந்தால் மூட்டை, மதில் சுவர் இருந்தால் மதில். என் கூரை ஓரமோ 16 அடி. கயிறு ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே இருந்ததில் இரண்டடி லாபம். ஆனால் கையால் இழுத்துக் கட்டிய லைஃப்லைன் அதை விழுங்கிவிட்டது. 30 அடிக் கயிற்றில் ஒரு சாண் தளர்வு இருந்தால் போதும், நடுவில் பிடித்து இழுத்தால் மூன்றடிக்கு வளைந்து கொடுக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டு மாடியில் ஒரு கயிற்றைக் கட்டி நீங்களே இழுத்துப் பாருங்கள், நான் ஊன்றுகோலோடு நின்றபடி அதைச் செய்து பார்த்தேன். நைலான் நீளும் என்பது தனி.

அப்படியென்றால் 20 அடிக்குக் குறைவான கூரையில் என்ன செய்வது? நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலான குடோன், கோழிப்பண்ணை, பட்டறை எல்லாமே அதற்குக் கீழேதான். பதில் எளிது: விழுந்த பிறகு பிடிக்கிற கயிறு அங்கே உதவாது, ஓரத்துக்கே போகவிடாத கயிறு வேண்டும். முகட்டுப் பக்கம் கயிற்றைக் கட்டி, கையை நீட்டி எட்டினாலும் ஓரத்துக்கு இரண்டடி முன்பே உங்களை நிறுத்துகிற அளவுக்கு நீளத்தைக் குறைத்துவிட வேண்டும். கயிற்றில் ஏறி இறங்கிப் பூட்டிக்கொள்ளும் ரோப் கிராப் ஒன்றை வாங்கினால் நீளத்தை விரலால் மாற்றிக்கொள்ளலாம். நான் பிறகு என் காசில் வாங்கியது கயிறு, ரோப் கிராப், தூணைச் சுற்றிக் கட்டும் நாடாப் பட்டை (வெப்பிங் ஸ்லிங்) இரண்டு எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். ஒரே ஒரு எச்சரிக்கை: முகட்டின் நடுவில் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் தூரம் போனால் அதே கயிறு மூலையில் உங்களை வெளியே விட்டுவிடும், விழுந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிச் சுவரில் அடிக்கும். நகர நகரக் கட்டுமிடத்தையும் நகர்த்த வேண்டும். தானாகச் சுருளும் ரிட்ராக்டபிள் பிளாக் நல்லதுதான், குறைந்த தூரத்திலேயே பிடித்துவிடும். ஆனால் பல மாடல்கள் தலைக்கு மேலே மாட்டுவதற்கென்றே செய்தவை. காலடியில் மாட்டலாமா, தகர ஓரத்தில் உரசினால் தாங்குமா என்று கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எதில் கட்டுவது என்பதற்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்போ வென்டிலேட்டர், தண்ணீர்க் குழாய், இடிதாங்கிக் கம்பி, நாமே பதித்த சோலார் ரெயில், ஷீட்டைப் பிடிக்கும் திருகு, இவை எதுவும் ஆளைத் தாங்க வைத்ததில்லை. ஒரு ஆளுக்கு 22 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 டன்னுக்கு மேல் தாங்கும் இடம் வேண்டும் என்பது பல இடங்களில் வைத்திருக்கும் கணக்கு. அந்த பலம் டிரஸ்ஸிலும், அதாவது கூரையைத் தாங்கும் பெரிய இரும்புச் சட்டத்திலும், தூணிலும்தான் இருக்கும். நாங்கள் இப்போது பெரும்பாலும் எதிர்ப்பக்கத் தூணின் அடியில் கட்டி, முகட்டைத் தாண்டிக் கயிற்றைக் கொண்டுவருகிறோம். தகர விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் பைப்பைக் கிழித்துக் கயிற்றின் மேல் மாட்டிவிடுவோம்.

நான் ஓரத்தில் விழுந்தேன், கூரை நடுவிலேயே விழுகிறவர்களும் நிறைய. வெளிச்சத்துக்காக இடையில் போட்ட ஃபைபர் ஷீட் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும், தூசியும் பறவை எச்சமும் படிந்து மற்ற ஷீட்டிலிருந்து வித்தியாசமே தெரியாது. ஏறுமுன் ஷெட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் வருவது எத்தனையாவது ஷீட் என்று எண்ணிக்கொண்டு மேலே போய்ச் சாக்கட்டியால் குறி போடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் குறுக்கே பலகை போடாமல் கால் வைக்கவே வேண்டாம். தகரத்தில் நடக்கும்போது திருகு வரிசை எங்கே போகிறதோ அங்கேதான் கீழே பர்லின் இருக்கும், அதன் மேலேயே நடக்கலாம்.

பெல்ட்டைப் பற்றி. என் தொடைப் பட்டைகள் தளர்வாக இருந்தன, வெயிலில் அரிக்கிறது என்று நானே தளர்த்தியது. அதனால்தான் மொத்த பெல்ட்டும் மேலேறித் தாடையைக் கிழித்தது. விரல்களை நீட்டித் தட்டையாக வைத்தால் உள்ளங்கை நுழையும், மடக்கினால் நுழையாது, அதுதான் சரியான இறுக்கம். முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், நமக்கே தெரியாது. தினமும் பட்டையை விரலிடையில் வளைத்துப் பாருங்கள். வெல்டிங் பொறி பட்ட கருப்புப் பொட்டு, நூல் பிரிவு, வெளுத்துப் போன நிறம் எது இருந்தாலும் அது வேண்டாம். நம் உப்புக்காற்றில் ஹூக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து வாய் முழுதாக மூடாமல் நிற்கும், அதைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஆளைப் பிடித்த பெல்ட்டை மறுபடி யாரும் போடக் கூடாது. வாங்கும்போது ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர எண் லேபிளில் இருக்கிறதா, தயாரித்த மாதம் வருடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒரு பயிற்சியில் என்னை பெல்ட்டோடு தூக்கித் தொங்கவிட்டார்கள். மூன்றாவது நிமிடமே தொடை மரத்துவிட்டது, தலை லேசாகிவிட்டது. அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களிலேயே தேங்கி மயக்கம் வரும், நேரம் போனால் உயிரே போகும். ஆகவே பெல்ட் பிடித்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. யார் இறக்குவார்கள், ஏணி எங்கே இருக்கிறது என்பது ஏறுமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். தொங்குகிறவர் காலை மிதிப்பது போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கயிற்றில் ஒரு கண்ணி போட்டு அதில் பாதத்தை ஊன்ற முடிந்தால் இன்னும் நல்லது. மேலே ஒற்றை ஆளாக வேலை செய்யவே செய்யாதீர்கள்.

பணக் கணக்கைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு 1,38,000. ஏழு மாதக் கூலி போனது 1,36,500. பிசியோதெரபி, ஆட்டோ எல்லாம் 14,000. "நாங்க பாத்துக்கிறோம்" என்றவர்கள் கொடுத்தது முதல் நாள் 20,000, அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மனைவி தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தாள். என் மாதச் சம்பளம் 19,500. 2023-ல் 21,000 வரை வாங்குகிறவர்களை இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்க்கலாம், சேர்த்திருந்தால் வைத்தியமும் இலவசம், வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் வந்திருக்கும். எங்கள் ஐந்து பேருக்குமே அது இல்லை என்று விழுந்த பிறகுதான் தெரியும். சேரும்போதே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அப்போதிருந்த 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டியிருந்தது. சப் காண்ட்ராக்டர் கைவிரித்தாலும் அவருக்கு வேலை கொடுத்த கம்பெனியையும் அதில் கேட்க முடிந்தது. இதை ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லித்தான் அறிந்தேன். கூலி கையில் ரொக்கமாக வந்தது, ரசீது கிடையாது. ஆஸ்பத்திரிப் பதிவில் மாடிப்படி என்று இருக்கிறது. என்னைக் காப்பாற்றியது சூப்பர்வைசர் தினமும் வாட்ஸப்பில் போட்ட அந்த பெல்ட் போட்டோக்கள்தான், விழுந்த அன்று காலை போட்டோவில் நானும் நிற்கிறேன். கடைசியில் 90,000 ரூபாய்க்கு சமரசம் பேசி முடித்தார்கள். மீதிக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாவது மாதம் வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஏணியில் நாலு படி ஏறியதும் கை நடுங்கி இறங்கிவிட்டேன், புது மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அன்று முழுக்கக் கீழே ஒயர் வேலை கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஷெட், ஓரம் 14 அடி. பேனலை இறக்குமுன் டேப் போட்டு உயரத்தை அளந்தேன், உள்ளே போய் ஃபைபர் ஷீட்டை எண்ணினேன், எதிர்த்தூணில் கயிறு கட்டி எங்கள் நாலு பேருக்கும் நீளத்தைச் சரிசெய்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. ஷெட் உரிமையாளருக்குப் பொறுக்கவில்லை, "இன்னுமா ஆரம்பிக்கல?" என்று இரண்டு முறை வந்து கேட்டார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இருபது வயதுதான், அவனை ஓரம் வரை நடக்கச் சொன்னேன். இரண்டடி முன்பே கயிறு இறுகி நின்றான். "இதுக்கு மேல போவலண்ணே" என்றான். சரி, பேனலை ஏற்றலாம் என்றேன். பன்னிரண்டு மணிக்குக் காற்று திரும்பியது, இறங்கிச் சாப்பிடப் போய்விட்டோம்.